தலை அக்காவுக்கு, உடல் தங்கைக்கு

மீன் வியாபாரம் செய்த அப்பா போன பிறகு யோருனும் தங்கை ஒட்னியும் மீனையே இரண்டாகப் பங்கு போட்டார்கள். நார்வேயின் லோஃபோட்டன் தீவில் காட் மீனை உப்பில்லாமல் பனிக்காற்றில் தொங்கவிட்டுக் கருவாடாக்குவார்கள். உடல் இத்தாலிக்குப் போகும். தலையை நைஜீரியாக்காரர்கள் குழம்பு வைக்க வாங்குவார்கள். மூத்தவள் என்ற உரிமையில் யோருன் தலையை எடுத்துக்கொண்டாள். கச்சா எண்ணெய் விலை ஏறி, அதை விற்கும் நைஜீரியாவில் பணம் புரண்ட காலம் அது. வந்த லாபத்தில் சிவப்புக் கார் வாங்கி, அவசியமே இல்லாமல் தங்கை வீட்டு வழியாக ஓட்டினாள். தங்கையைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும், அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. நைஜீரியாவில் டாலருக்குத் திண்டாட்டம், தலை வாங்க ஆளில்லை. நார்வேயும் எண்ணெய் விற்கும் நாடுதானே, அதன் நாணயமான குரோனரும் கூடவே சரிந்தது. இத்தாலிக்காரருக்கு மீன் சல்லிசாகிவிட, ஒட்னியிடம் சரக்கு மிஞ்சவில்லை. கடலைப் பார்த்துப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துச் சமையலறை கட்டினாள்.  யோருனுக்குத் தன் கிடங்கில் மூட்டை மூட்டையாகத் தலைகள் தேங்கியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை, அந்த ஜன்னலில் விளக்கு எரிவதுதான் வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்னி வாஃபிள் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க்கா, திரைக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாக்குறதுக்கு, நேர்லயே வந்து பாக்கலாம்ல என் ஜன்னல?"

"உன் ஜன்னல யாருடி பாத்தா? நான் கடலப் பாத்தேன்."

"சரி, கடல்தான்."

யோருனுக்குப் பொறுக்கவில்லை. "நாலு காசு வந்ததும் வாய் நீளுது பாரு. மாத்திக்குவோம். இனிமே உடம்பு எனக்கு, தலை உனக்கு."

பெரிய சண்டை வரும் என்று பார்த்தாள். ஒட்னியோ காபியை உறிஞ்சியபடி, "சரிக்கா. கிடங்குல கெடக்குற மூட்டையையும் சேத்துக் குடுத்துடு" என்றாள். விட்டது தொல்லை என்று யோருன் அன்றே தள்ளிவிட்டாள்.

அடுத்த வசந்தத்தில் எங்கோ போர் மூண்டது. எண்ணெய் விலை எகிறியது, குரோனரும் ஏறியது. இத்தாலியிலிருந்து வந்தவர் யோருனின் கருவாட்டை முகர்ந்து பார்த்து, சரக்கு அருமை, விலைதான் கட்டாது என்று கைவிரித்துவிட்டுப் போனார். ஒட்னியின் வாசலில் லாரி நின்றது. நைஜீரியாவுக்குப் போகும் தலைகள் ஏறிக்கொண்டிருந்தன. யோருனின் பழைய மூட்டைகளும் அதில் இருந்தன.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"எண்ணெய் வெல எனக்கெப்படிக்கா தெரியும்? நீ அந்தச் செவப்புக் கார்ல என் வாசல் வழியா போனியே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு. எப்படியாவது அந்தத் தலை வியாபாரத்த உன்கிட்டேர்ந்து பிடுங்கணும்னு இருந்தேன். நீயே தூக்கிக் குடுத்த."

யோருன் வீட்டுக்கு வந்தாள். விற்காத கருவாடு கிடங்கு நிறையத் தொங்கியது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லையில் துருப்பிடித்து நின்ற சிவப்புக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒட்னியின் ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, வாளியில் தண்ணீர் பிடித்துக் கழுவ ஆரம்பித்தாள்.