வெளிச்சம் பார்த்த படம்

அப்பாவின் பல்லை வெளுத்துக்கொண்டிருந்தாள் மகள். மேல்வரிசை முடிந்து கீழ்வரிசைக் கோரைப்பல்லுக்கு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகள் போய்விட்டன. காதோர நரை பாதியாகிவிட்டது. நெற்றிச் சுருக்கங்களில் இரண்டை மட்டும் விட்டுவைத்திருந்தாள்: ஒன்று நாட்டைப் பற்றிய கவலைக்கு, இன்னொன்று அனுபவத்துக்கு. சுருக்கமே இல்லாத முகத்துக்கு எவனும் ஓட்டுப் போட மாட்டான் என்பது அப்பாவின் கட்சி.

என்ன செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. நாடாளுமன்றத் தேர்தல் மாதம். அந்த மாதத்தில் அவள் தூங்கினாலும் கை தூங்காது. எந்த முகத்தைத் திரையில் போட்டாலும் தானாகவே துலக்கித் துடைத்து வேட்பாளராக்கிவிடும்.

பக்கத்து அறையில், அவருடைய ஸ்டூடியோவிலேயே, பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். முந்தாநாள் ஒரு வேட்பாளரைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, "கொஞ்சம் சாயறேன்" என்று சோபாவில் சாய்ந்தவர். சாய்ந்தவர் சாய்ந்தவர்தான்.

அந்த ஊரில் அவர் எடுத்த முகம் ஒட்டாத சுவர் ஒன்று இருந்தால், அது இன்னும் கட்டி முடிக்காத சுவராக இருக்கும். ஆளுங்கட்சிக்கும் அவர்தான், எதிர்க்கட்சிக்கும் அவர்தான். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், நடுவே நாற்காலி சூடு ஆறுவதற்குக் கொஞ்சம் இடைவெளி. திருடனைப்போல் வந்தவன் தியாகியைப்போல் திரும்பிப் போவான். எல்லாருக்கும் ஒரே பாடம்தான்: மோவாயை இறக்கு, இடது கன்னத்தைக் காட்டு, பல் அளவாகத் தெரியட்டும். அதற்கு 'ஓட்டு முகம்' என்று பெயர் வைத்திருந்தார்.

அன்றைக்கு அந்த ஓட்டு முகங்கள் எல்லாம் துக்கம் கேட்க வந்து நின்றன. பழைய எம்.பி. பெட்டியின் ஒரு பக்கம், அவரை எதிர்த்து நிற்கும் டாக்டரம்மா மறுபக்கம். யாரோ கைப்பேசியைத் தூக்கியதுதான் தாமதம், இரண்டு மோவாய்களும் இறங்கின, இரண்டு இடது கன்னங்களும் திரும்பின. இருவருக்கும் பிரச்சாரத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் முதலில் கிளம்புகிறவருக்கு ஓட்டு குறையும் என்று இருவருமே பசை போட்டு ஒட்டிய மாதிரி நின்றார்கள்.

மகள் படத்தைச் சட்டமிட்டுக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"அப்பாதாம்மா."

"எந்தக் கட்சி?"

அறையில் ஒரு இருமல் கேட்டது. எழவு வீட்டிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத சித்தப்பா, அண்ணன் நின்றிருந்தால் இந்த மூஞ்சிக்கே ஜெயித்திருப்பார் என்று முணுமுணுத்தார். அம்மா சிரிக்கவில்லை.

"இவரோட நான் ஒரு நாளும் குடும்பம் நடத்தலை. என் வீட்டுக்காரர் வரட்டும். அதுவரைக்கும் பெட்டியை மூட விடமாட்டேன்."

அம்மா கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். பால்காரரிடம் நாளைக்கு ஒரு பாக்கெட் போதும் என்று சொல்கிற குரல் அது. வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. சித்தப்பா வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுக்கப் போனார்.

மகள் உள்ளே ஓடி, கை வைக்காத மூலப்படத்தை அச்செடுத்து வந்தாள். நரை, பை, மஞ்சள் பல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அம்மா தலையை ஆட்டிவிட்டாள்.

"இதுவும் ஃபோட்டோவுக்கு நின்ன மூஞ்சிதான்டி."

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. மகள் இருக்கிற படத்தையெல்லாம் திரையில் இறக்கிப் பார்த்தாள். கல்யாணப் படத்தில் அப்பா மோவாயை இறக்கியிருந்தார். கடற்கரையில் இடது கன்னம். அவருடைய அறுபதாவது பிறந்தநாளில் அளவான பல். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில்கூட, ஓட்டுக் கேட்க வந்தவர் வாக்காளர் வீட்டுக் குழந்தையைக் கையில் வாங்கிய மாதிரிதான் அவளைத் தூக்கி வைத்திருந்தார். கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனுஷன் ஆளே மாறிவிடுவார். அது தெரியாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். கேமரா முன்னால் உட்கார்ந்தும் அப்பா அதைக் கவனிக்காத நேரம் ஒன்று உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

வேட்பாளர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே அப்பா அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து வெளிச்சம் பார்ப்பார். அவள் பொத்தானை அமுக்குவாள். வெளிச்சம் எங்கே விழுகிறது, விளக்கில் மாட்டிய குடை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதிலேயே அவருக்குக் கண். வேலை முடிந்ததும் அந்தப் படங்களை அவள் பார்க்காமலே அழித்துவிடுவாள். குப்பைதானே. எத்தனை தேர்தல், எத்தனை வேட்பாளர்! ஒரு மைதானம் கொள்ளுகிற அளவுக்கு அப்பாக்களை அழித்திருக்கிறாள்.

ஆனால் முந்தாநாள் எடுத்ததை அழிக்க நேரமிருக்கவில்லை.

கேமரா ஸ்டூடியோ மூலையில் முக்காலியோடு ஒதுக்கப்பட்டு, மலர்வளையங்களுக்குப் பின்னால் நின்றது. டாக்டரம்மா நகர்ந்து வழிவிட்டார். எம்.பி. தன்னைத்தான் படமெடுக்கப் போகிறாள் என்று மோவாயை இறக்கினார். அவள் கேமராவின் மெமரி அட்டையை மட்டும் உருவிக்கொண்டு போனாள்.

முதல் படத்தில் தோள்தான் விழுந்திருந்தது. இரண்டாவதில் கண் மூடியிருந்தது; அதை அவள் சட்டென்று தள்ளிவிட்டாள். மூன்றாவதில் அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். ஒரு கை காற்றில் எதையோ கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. இடது கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்து, முடி நெற்றியில் விழ, அவளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்பதும் அவளுக்குக் கேட்டது: குடையை இறக்கு, இறக்குங்கறேன், மூக்கு நிழல் உதட்டுல விழுது, உனக்குக் கண்ணு எங்க இருக்கு.

அவள் கை மௌஸுக்குப் போனது. முடியைச் சரிசெய்ய ஒரு நொடி போதும். கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மறுகையால் அச்செடுக்கக் கொடுத்தாள்.

படத்தைச் சட்டத்தில் மாற்றிக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். வாசலிலிருந்து திரும்பி வந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். வாய்க்கு வந்ததை விழுங்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அது அந்தக் குடும்ப வரலாற்றில் முதல் தடவை.

"திட்டிக்கிட்டு இருக்காரு," என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"யாரை?"

"என்னைத்தான்."

"அப்ப சரி."

அம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்பாவின் காதுக்குக் கீழே, அவசரமாகச் சவரம் செய்ததில் கழுவாமல் விட்ட சோப்பு நுரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அம்மா கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கண்ணாடியில் தேய்த்தாள். போகவில்லை. மறுபடியும் ஈரப்படுத்தி, கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

மகள் குனிந்து, சட்டம் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.