புதன்கிழமை ஞானஸ்நானம்

போன வருஷம் ஈஸ்டருக்குப் பிந்திய மூன்றாம் ஞாயிறன்று, வங்காளத்துக் கார்டன் ரீச் தமிழ்ச் சபையில் ஏழு மாதக் குழந்தை ஒன்றின் தலையில் போதகர் மூன்று கை தண்ணீர் ஊற்றியதும், கோவிலுக்குள் இருந்த நூற்றுப் பதினேழு பேரும் தலையோடு கால் நனைந்தார்கள். கூரை ஒழுகவில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. குழந்தையின் பதிவில் தகப்பன் பெயருக்கான இடம் காலியாக இருந்தது, விஷயம் அவ்வளவுதான்.

குழந்தையின் தாத்தா மாசிலாமணி இருபத்திரண்டு வருஷமாகச் சபைச் செயலாளர். ரயில்வே தலைமை அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைலில் ஒரு தேதி பிசகினால் சாப்பாடு இறங்காது. புதன்கிழமை ஞானஸ்நானம் அவர் கொண்டுவந்த ஏற்பாடு. கல்யாணத்துக்கு வெளியே உண்டான பிள்ளைக்கு ஞாயிறு ஆராதனையில் இடமில்லை. புதன் மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டில்லாமல், தண்ணீர் மட்டும் உண்டு. தாய் ஆறு மாதம் திருவிருந்துக்கு வரக் கூடாது. யாராவது முனகினால், அப்படிப் பிறந்தவனின் சந்ததி பத்தாம் தலைமுறையானாலும் சபைக்குள் வரலாகாது என்று மோசே விதித்திருப்பதைச் சொல்லி, நாமாவது புதன்கிழமை கொடுக்கிறோமே என்பார். நான்கு குழந்தைகள் அப்படிப் புதன்கிழமை நனைந்தன. நான்கு தாய்மாரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சபையாரும் ஏனென்று கேட்கவில்லை. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

பிறகுதான் அவருடைய மகள் ஸ்மிதா, பாலிகஞ்ச் பள்ளியொன்றில் டீச்சர், தாயில்லாத ஒரே பெண், ஐந்து மாத வயிற்றோடு வந்து நின்றாள். காரணமானவன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிப் போய், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். மாசிலாமணி திட்டவில்லை. பேசவும் இல்லை. தினமும் காலையில் மகளுக்காக மீன் வாங்கி, ஆய்ந்து கழுவி அடுப்படியில் வைத்துவிட்டுத் தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்துவார். பேத்திக்கு ஏழு மாதமானபோதுதான் வாய் திறந்தார்.

"புதன்கெழம வச்சிக்கிடுவமா?"

"புதன்னா நான் வரலைப்பா. ஞாயித்துக்கிழமைன்னா சொல்லுங்க. இல்லாட்டி இவளுக்கு ஞானஸ்நானமே வேண்டாம்."

"சபைக்கு முன்னால எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"புதன்கிழமைக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்த கல்பனாக்காவும் அழுதுக்கிட்டே இதத்தான் கேட்டாங்க. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. நீங்கதான் கதவச் சாத்துனீங்க."

புதிதாக வந்த போதகர் ஜெயந்த், துர்காபூரில் வளர்ந்தவர், தமிழைவிட வங்காளம் சரளம், வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினார். "யூதா தன் மருமக தாமார்கிட்ட முறைகெட்டுப் பெத்த பையன் பாரேஸ். அவன்ல ஆரம்பிச்சு எண்ணுங்க ஐயா, பத்தாவது ஆளு தாவீது. அந்த வம்சத்துலதான் ரட்சகர் வர்றார். பெத்தவங்க செஞ்சதுக்குப் புள்ளைக்கா தண்டனை?" மாசிலாமணி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். கணக்குச் சரியாகவே இருந்தது. ஞாயிறுக்குச் சம்மதித்தார், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்றார்.

அந்த ஞாயிறுதான் எல்லாரும் நனைந்தது. முன்வரிசைப் பட்டுச் சேலைகள், பாட்டுக்குழுவின் வெள்ளை அங்கிகள், ஆர்மோனியம், போதகர், ஒன்றும் மிச்சமில்லை. பத்துத் தலைமுறைக்குள் யார் குடும்பத்தில் அப்படியொரு பிறப்பு உண்டோ அவர்கள் நனைந்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. பத்துத் தலைமுறை என்றால் ஆயிரம் தாய் தகப்பன். எல்லாரும் அவரவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்டருகே மாசிலாமணி காலுறை வரைக்கும் நனைந்திருந்தார். பக்கத்தில் நின்ற காவலாளி மேல் ஒரு சொட்டு இல்லை. அவர் சபையைச் சேர்ந்தவரல்ல. மாசிலாமணி எந்தத் தலைமுறையையும் எண்ண வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வயதில் சர்டிபிகேட் வாங்க ஊர்க் கோவிலுக்குப் போனவர், பதிவேட்டில் தாய் தகப்பனின் கல்யாணத் தேதியையும் தன் பிறந்த தேதியையும் பார்த்துவிட்டார். நடுவில் நான்கே மாதம். இறந்துபோன மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஐம்பது வருஷமாக அந்த வெட்கத்தை மறைக்கத்தான் அத்தனை கதவுகளையும் சாத்தினார். ஷூ சளக் சளக்கென்று சத்தமிட நடுவழியே நடந்து போய்ப் பேத்தியைக் கையில் வாங்கினார்.

"கல்யாணமாகி நாலாம் மாசம் எங்க அம்மா என்னியப் பெத்தா. நாஞ் சாத்துன கதவுக்கு வெளிய மொத ஆளா நாந்தான் நின்னிருக்கணும்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாரும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஸ்மிதா மட்டும் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

மற்றவர்கள் மூன்று மணிக்குள் காய்ந்துவிட்டார்கள். மாசிலாமணி காயவில்லை. சட்டை மாற்றினால் புதுச் சட்டையும் நனைந்தது. அந்த ஈரத்தோடேயே நான்கு தாய்மாரையும் தேடிப் போனார். மூன்று பேர் நாற்காலி போட்டார்கள். பவானிபூரில் தையல் கடை வைத்திருக்கும் கல்பனா கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம்தான். வெளியே நின்று கேட்டது அதுவே முதல் தடவை. பிறகு புதன்தோறும் போய் அவள் வீட்டுப் படியை நனைத்துக்கொண்டு நின்றார். எட்டாவது புதன், கதவு ஒரு சாண் திறந்து ஒரு கம்ச்சாத் துண்டு வெளியே வந்தது.

"உள்ள வர வேணாம். தலையத் தொடச்சிட்டுப் போங்க. சளி புடிக்கும்."

புதன்கிழமை ஞானஸ்நானம் நின்றுபோயிற்று. ஞாயிறு ஞானஸ்நானத்துக்குத் துண்டு கொண்டுவரும்படி அறிவிப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள்; ஆர்மோனியத்துக்கு பிளாஸ்டிக் உறை வாங்கியாயிற்று. ஆகஸ்டில் அடுத்த குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தபோது, கல்பனா தன் பதினெட்டு வயது மகளோடு வந்து கடைசி வரிசையில், மாசிலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பையில் மூன்று துண்டுகள் இருந்தன.