படித்துப் பார்த்தேன், வால்மோர்

பிரேசிலின் குரிட்டிபாவில் ஜூன் மாதச் சனிக்கிழமை மத்தியானம் என்றால் எல்லா வீட்டு அடுப்பிலும் பின்யோன் கொட்டை வெந்துகொண்டிருக்கும். வால்மோர் வீட்டிலும் வெந்து இறக்கியாயிற்று, தின்னத்தான் ஆளில்லை. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, பராகுவேயிலிருந்து வந்த ஒரே கடிதத்தை ஆளுக்கொரு திரையில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், இணையத்தில் வரும் தகவல் துண்டுகளை வாங்கி அனுப்பும் பகுதியில் ஒரு மூலைக்கு வால்மோர்தான் பொறுப்பு. அவன் படித்துப் பார்த்து, கீழே ஒரு வரி எழுதிப் பெயர் போட்டால்தான் எதுவும் உள்ளே போகும். அந்தத் துண்டுகளைக் கட்டாகச் சேர்த்து ஒரே தடவையில் தள்ளும் புது வசதியை எழுதியவள் அவன் மனைவி ஜாந்திரா. மகளுக்காக ஆறு வருஷம் வேலையை விட்டிருந்தவள். இனிமேல் நமக்கு இதெல்லாம் வருமா என்று பயந்து பயந்து பதினான்கு மாதம் எழுதினாள். அது உள்ளே போன அன்று சமையலறையில் நின்று அழுதாள். அவனும்தான் அழுதான்.

இப்போது, பராகுவேயில் ஒரு சிற்றூருக்கு இணையம் கொடுக்கும் எர்மெலிந்தா எழுதியிருக்கிறார்: சோதனைப் பதிப்பைப் போட்டதிலிருந்து இயந்திரம் தினம் நாலு தடவை உறைந்துபோகிறதாம்.

நாளை ஞாயிறு, முழுப் பதிப்பு வெளிவரும் நாள். தப்பைத் திருத்தி அனுப்புவதா, வசதியையே பிடுங்கிவிடுவதா? ஜாந்திரா காலையிலேயே தப்பைக் கண்டுபிடித்து நாற்பது வரியில் ஒரு திருத்தமும் எழுதிவிட்டாள்.

"திருத்தத்தையே அனுப்பிடலாம் ஜாந்தி. எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எதுல? திருத்தத்துலயா, என் மேலயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எந்த ஊர்ல ஒண்ணு?" அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "கட்டு பாதியில அறுந்தா ஒரே நினைவக இடத்தை ரெண்டு தடவை விடுவிக்கிறேன், இயந்திரம் உறைஞ்சிடுது. நேத்து வந்தவன்கூடப் பிடிச்சிருப்பான். கீழ பாரு, 'படித்துப் பார்த்தேன், வால்மோர்'னு உன் வரி. உண்மையச் சொல்லு, படிச்சியா?"

வால்மோர் ஒரு கொட்டையை எடுத்தான். விரல் சுட்டது.

"மேலோட்டமா..."

"வால்மோர்."

"படிக்கல. குறை சொன்னா நீ மறுபடி எல்லாத்தையும் மூடி வச்சிடுவியோன்னு பயம்."

அன்புதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் தலையில் நறுக்கென்று குட்டத் தோன்றும் அன்பு.

"ஊர் பேர் தெரியாதவன் அனுப்பினா நாலு நாள் குதறி எடுப்ப. எனக்கு மட்டும் தொட்டில் ஆட்டுறியா?" அவள் குரல் உடைந்தது. "என்னால முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்டா. கடைசியில எனக்குப் பரீட்சையே வைக்கல நீ."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தப்புதான்," என்றான்.

ஜாந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டெழுத ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"பிடுங்குறேன். நானே."

"பதினாலு மாசம்டி!"

"அது எங்கயும் ஓடிப்போகாது. எர்மெலிந்தா அம்மா ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும், அடுத்த பதிப்புக்கு அனுப்புறேன். சோதிக்காத திருத்தம் நாளைக்கு ஊர் பூரா போக வேண்டாம்."

எழுதி முடித்து மடிக்கணினியை அவன் முன்னால் தள்ளினாள். தப்பு என்னுடையது என்று மூன்று வரி, கண்டுசொன்ன எர்மெலிந்தாவுக்கு நன்றி, பிறகு நீக்கப்படும் வரிகள். "இதையாவது படி," என்றாள்.

அவன் படித்தான். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து. கொட்டை ஆறிப்போனது. நாற்காலியில் குறுகி உட்கார்ந்து அவள் அவன் முகத்தையே பார்த்திருந்தாள்.

"ஜாந்தி," என்றான் தயங்கித் தயங்கி. "ஒண்ணு விட்டுட்ட. அமைப்புப் பட்டியல்ல அந்த வசதியோட பேரு அப்படியே நிக்குது. வீட்ட இடிச்சிட்டுக் கதவ விட்ட மாதிரி."

அவள் எட்டிப் பார்த்தாள். ஆமாம், விட்டிருந்தாள். பதினான்கு மாதத்தில் அவன் அவளிடம் கண்டு சொன்ன முதல் குறை அதுதான். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"இன்னும் இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள்.