ஆடிச்சுற்று மணி

ஜனங்களை நடக்க வைக்கிற ஆப் வடிவமைக்கிறதுதான் என் வேலை. ஊரையே நடக்க வைத்துவிடுவேன் என்று கம்பெனிக் கூட்டத்தில் வாய் கிழியப் பேசுவேன். சங்கரன்கோவிலில் என் வீட்டுக்காரரை மட்டும் நாற்காலியை விட்டு எழுப்ப முடியவில்லை. அவருடைய விசைத்தறிக் கூடத்திலும் உட்கார்ந்தேதான் அதிகாரம். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோவிலைச் சுற்றி வருகிற ஆடிச்சுற்றை ஆப்பில் சேர்த்தேன். ஒரு சுற்று முடிந்தால் அவர் போனில் கோவில் மணி அடிக்கும். நடக்காமல் இருந்தாலும் அதே மணி அடித்து எழுப்பும். மனுஷன் தினமும் சுற்றினார். சர்க்கரை குறைந்தது. கம்பெனிக்கு எழுதிப் பீற்றிக்கொண்டேன்.

தபசு முடிந்த மறுநாள் அவர் அசையவே இல்லை.

"நடக்கப் போகலியா?"

"எதுக்குட்டி? சர்க்கரை கொறையணும்னு அம்மாளுக்கு நேர்ந்தேன். கொறைச்சுட்டா. நேர்ச்சை முடிஞ்சுட்டுல்லா?"

"நீங்க நடந்ததாலதான் கொறைஞ்சுது!"

"அப்படிச் சொல்லாத. தெய்வக் குத்தம் ஆயிரும்."

கத்தினேன், கெஞ்சினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ஐப்பசியில் சர்க்கரை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ரிப்போர்ட்டை நீட்டினால், "அடுத்த ஆடி வரட்டும், சுத்திருவோம்" என்கிறார்.

நேற்று சாயங்காலம் அவர் போனில் மணி அடித்தது. எழுந்து நடக்கச் சொல்லி நான் வைத்த மணி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பக்தியோடு கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.