ஆயுத பூஜைக்கு வந்த துப்பாக்கி

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடிகிற வரைக்கும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இதில் என் தப்பு என்ன என்று யாராவது எடுத்துச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

நடந்தது 1972 அக்டோபரில். மேற்கு ஜெர்மனியில், எர்லாங்கனுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ரகுநாதன் எர்லாங்கனில் பெரிய எலெக்ட்ரிகல் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். மழையோ பனியோ, சைக்கிளில்தான் போவார். வீட்டுச் சொந்தக்காரர் ஹெர் க்ரைனர் (ஹெர் என்றால் அங்கே திரு) கீழ்த்தளம், நாங்கள் முதல் மாடி. எங்களுக்கு மேலே ஒற்றை அறையில் யூசுஃப் என்று ஒரு பாலஸ்தீனர், மருத்துவ மாணவர், இருந்தார்.

இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்ஸில் பாலஸ்தீனத் தீவிரவாதிகள் இஸ்ரேல் வீரர்களைப் பிடித்துவைத்துக் கொன்ற அந்தக் கொடுமை நடந்ததும், கறுத்த முடியோடு தெருவில் நடக்கவே பயமாகிவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஒரு நாள் காலையில் போலீஸ் வந்து யூசுஃபைக் கூட்டிக்கொண்டு போனது. சாயங்காலமே விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம். அறையில் எலி செத்துக் கிடந்தால் எடுத்துப் போட என்னைக் கூப்பிடுகிற மனுஷன் அவர். அவரா யாரையாவது சுடுவார்?

"பாமா, நவம்பர்ல நாம இங்க தங்குற பெர்மிட்டை ரின்யூ பண்ணணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் வம்பு வளர்க்காதே, புண்ணியமாப் போகும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் என்னமோ தெருத் தெருவாக வம்பு வளர்க்கிறவள் மாதிரி.

ஹெர் க்ரைனருக்கு வேறு கவலை. அவர் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தின் தலைவர். புத்தாண்டிலிருந்து புது ஆயுதச் சட்டம் வருகிறது, வேட்டைத் துப்பாக்கி வரைக்கும் பதிவு செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு முகம் சிவந்தபடியே இருந்தது. கையெழுத்து வாங்குவதும் கூட்டம் போடுவதுமாக அலைந்தார். "வெளிநாட்டுக்காரர்களைக் கண்காணியுங்கள், உள்ளூர்க்காரனை ஏன் குடைகிறீர்கள்?" என்று படிக்கட்டில் நின்று கத்துவார். என்னைப் பார்த்ததும், "உங்களைச் சொல்லவில்லை, அம்மணி" என்பார். வேறு யாரைச் சொன்னாராம்?

ஆயுத பூஜையன்று தையல் மெஷின், அரிவாள்மனை, அவர் கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூல் எல்லாவற்றையும் துடைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தேன். வாடகை விஷயமாக மேலே வந்த க்ரைனர் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். என் ஓட்டை ஜெர்மனில், தொழில் செய்கிற கருவிக்கு மரியாதை செய்கிறோம், அந்தக் காலத்தில் ராஜாக்கள் வாளையும் ஈட்டியையும் வைத்துக் கும்பிட்டார்கள் என்று சொன்னேன். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. விறுவிறுவென்று கீழே போனார். ஷூவைக் கழற்றிவிட்டு, தன் வேட்டைத் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

அடக் கடவுளே! ஆனால் காலில் செருப்பில்லாமல் பூஜைக்கு வந்து நிற்கிறவரைப் போ என்று எப்படிச் சொல்வது? தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வாங்கி வைத்து, சந்தனம் குங்குமம் இட்டேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றார்.

"இது இங்க எப்படி வந்தது? உடனே கீழ கொண்டு போய்க் குடுத்துடு."

"நாளைக்குக் காலைலதான். இப்ப எடுக்கக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? நம்ம வீட்டுல துப்பாக்கி! யூசுஃபை மறந்துட்டியா?"

"சாமி முன்னால வெச்சதை எடுத்தா ஆகாதுங்க. ஒரு ராத்திரிதானே, அது என்ன எழுந்து நடக்கப் போகுதா?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொல்லி நான் எடுத்து, அப்புறம் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம் இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, கை கால் கழுவிவிட்டு வந்து கும்பிட்டார். அந்த நேரம் பார்த்துக் காமிராவோடு வாசலில் வந்து நின்ற க்ரைனர் ஒரு படம் எடுத்துக்கொண்டார். துப்பாக்கி நாளைக்குத்தான் கிடைக்கும் என்றேன். "ஆகா, அதற்கும் ஒரு நாள் விடுமுறை!" என்று சிரித்தார். கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தேன், ருசித்துச் சாப்பிட்டார். காலையில் புனர்பூஜை முடித்துத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, தீர்ந்தது விஷயம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ரொட்டிக் கடைக்குப் போனேன். கடைச் சுவரில் என் வீட்டுக்காரர். சுவரொட்டி முழுக்க அவர் படம், கைகூப்பிக் கண்மூடி நிற்கிறார், முன்னால் பொட்டு வைத்த துப்பாக்கி. மேலே கொட்டை எழுத்தில்: "அந்நியர்கூட ஆயுதத்தை வணங்குகிறார்கள். நம் அரசோ நம்மைக் குற்றவாளி ஆக்குகிறது!"

அதைச் சரக்கென்று கிழித்தேன். அடுத்த கம்பத்தில் இன்னொன்று, அதையும் கிழித்தேன். தபால் நிலையத்தில், பள்ளிக்கூட மதிலில், எங்கே பார்த்தாலும் அவர்தான் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ரொட்டிக் கடைக்காரம்மாள் வாசலுக்கு வந்து என்னையே பார்த்தாள். பாதி ஊரில் ஒட்டியிருக்கும்போது எத்தனையைத்தான் கிழிப்பது?

நேராகக் க்ரைனர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"எங்களைக் கேட்காமல் இதை ஏன் ஒட்டினீர்கள்?"

"பயப்படாதீர்கள், அம்மணி. இது உரிமைப் போராட்டம்" என்றார்.

"உங்களுடைய உரிமை. நாங்கள் இங்கே இருப்பதே அரசு போடுகிற முத்திரையால்தான். துப்பாக்கி போனால் நீங்கள் இந்த வீட்டிலேயே இருப்பீர்கள். நாங்கள்?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. இரண்டு ஆப்பிளைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

இரண்டு நாளில் வெளிநாட்டினர் அலுவலகத்திலிருந்து என் வீட்டுக்காரருடைய ஆபீசுக்குப் போன் வந்தது, இருவரும் பாஸ்போர்ட்டோடு வரச் சொல்லி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எங்கள் நண்பர் சுந்தரராஜனைக் கூப்பிட்டு யோசனை கேட்டோம். "வெளிநாட்டுக்காரன் அரசியல்ல தலையிட்டாலே அனுப்பிடலாம்னு சட்டம் இருக்கு சார். இதுல துப்பாக்கி வேற" என்றார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினவர் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் பயந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உள்ளுக்குள் இன்னும் பயம் அதிகமாயிற்று.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டே இருப்பார். வாசல் மணி அடித்தால் இருவரும் அப்படியே உறைந்து நிற்போம். ஊரில் அவர் அப்பா மருத்துவம், தங்கை கல்யாணம், எல்லாம் இந்த வேலையை நம்பித்தான். இவரை அனுப்பிவிட்டால் என்ன கதி? தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். இவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர். குரலை உயர்த்தவே இல்லை. மேஜைமேல் சுவரொட்டியை விரித்து வைத்திருந்தார்.

"இதில் இருப்பது நீங்கள்தானே?"

"ஆமாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"துப்பாக்கி இரவு முழுக்க உங்கள் வீட்டில் இருந்ததாக ஹெர் க்ரைனர் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் பதில் சொல்லிக்கொள்வார், அந்த விசாரணை வேறு அறையில். அதை வைத்துக்கொள்ள முடிவெடுத்தது யார்?"

என் வீட்டுக்காரர் சுவரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான்" என்றேன். "வாங்கி வைத்தது நான். எடுக்கக் கூடாது என்றதும் நான். அப்போது இவர் வீட்டிலேயே இல்லை."

"வந்த பிறகு இவர் என்ன சொன்னார்?"

"உடனே திருப்பிக் கொடு என்றார். நான் கேட்கவில்லை. படம் எடுத்ததும் எங்களைக் கேட்டு இல்லை."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுந்து பக்கத்து அறைக்குப் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரருடைய பாஸ்போர்ட்டைத் திறந்து முத்திரை குத்தினார். "ஒரு வருடம். அரசியல் நடவடிக்கை கூடாது" என்றார். அப்பாடா! எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது. என் வாய் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது என்று கர்வம்கூட வந்தது. அதிகாரி என் பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டினார், சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

அதில் அவர் முத்திரை குத்தவில்லை. பேனாவால் எழுதினார்.

"நான்கு வாரங்களுக்குள் நீங்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

வார்த்தை ஒவ்வொன்றும் புரிந்தது. என்னைத்தான் சொல்கிறார் என்பது மட்டும் புரியவில்லை. இத்தனை நாளும் என் வீட்டுக்காரருக்காகவே பயந்துகொண்டிருந்தேன், எனக்கென்று பயப்பட ஒரு நிமிஷம்கூடத் தோன்றியதில்லை. இப்போது ஒரேயடியாக வந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் தன் பாஸ்போர்ட்டைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டிருந்தார். பையின் பொத்தானைப் போட்டார். முதல் தடவை துளையில் நுழையவில்லை, இரண்டாம் தடவை முயன்று போட்டார். தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அதிகாரியிடம் திரும்பி, "சார், என் மனைவி…" என்று ஆரம்பித்தார்.