கட்டிலோரத்துப் பார்சல்கள்

தபால் ஆபீஸ் பார்சல் கவுண்டர் அக்கா காலையில் முழங்கால் போட்டு ஜெபித்து ஆமென் சொல்லி முடித்தால், கட்டிலோரத்தில் அவளுடைய அன்றைய கவலைகள் பழுப்புத் தாள் சுற்றி, சணல் கட்டி, பார்சல்களாகக் கிடக்கும். "ஆண்டவரே, எல்லாத்தையும் உம்ம கையில குடுத்துட்டேன்" என்று ஜன்னலைத் திறந்தால், ஒவ்வொன்றாக எழும்பி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேலே போய்விடும். முழங்கால் வலி இருநூறு கிராம் தேறும். புது மேலதிகாரியின் வாய் ஒன்றரைக் கிலோ. முதல் வாரம் தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. இரண்டாம் மாதம் பால் போடுகிறவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. போதகர் நேரில் வந்து பார்த்து, ஸ்தோத்திரம் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

கோளாறெல்லாம் அக்காவிடம்தான். இருபத்தாறு வருஷம் கவுண்டரில் பழகிய கை, ரசீது இல்லாமல் எதையும் ஒப்படைக்காது. எழும்பிய பார்சலை எட்டிப் பிடித்து, கட்டு சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பாள். பிரித்த பார்சல் பறக்காது. அதைத் தூக்கிக்கொண்டே ஆபீஸ் போய், தூக்கிக்கொண்டே திரும்புவாள். கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், பொறுமைசாலி. "குடுத்ததப் பிடுங்கிப் பிரிச்சுப் பாக்குறியே, உன் கவுண்டர்ல எவனாவது இப்படிச் செஞ்சா சும்மா விடுவியா?" என்பார். "வாங்குனவர் ஒரு கையெழுத்தாவது போட வேணாமா?" என்பாள் அவள்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் இருந்த ஒரே மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியது. ஏற்கெனவே இரண்டு தடவை குழந்தை தங்கவில்லை. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாள், கட்டிலோரத்தில் பீரோ அளவுக்கு ஒரு பார்சல் வந்து நின்றது. அக்கா அதை அனுப்பவே இல்லை. தினமும் ஜெபித்தாள், தினமும் பிரித்தாள், தினமும் பத்துத் தடவை போன் போட்டு "அசைஞ்சுதா? இப்ப அசைஞ்சுதா?" என்று மகளைக் குடைந்தாள். கடைசியில் மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போன் அடிச்சாலே இவளுக்குப் பிரஷர் ஏறுது. டாக்டர் எடுக்க வேணாங்கறாரு." பாவம், அன்றைக்கெல்லாம் அக்கா அழுது தீர்த்தாள்.

மறுநாள் நிஜமாகவே கொடுத்துவிடுவது என்று ஜெபித்து ஜன்னலைத் திறந்தாள். பார்சல் எழும்பியது. பாழாய்ப்போன கை, சணலை விடவில்லை. பார்சல் ஜன்னலுக்கு வெளியே, அக்கா உள்ளே கூரையோரம், தலை இடித்துக்கொண்டு தொங்கினாள். கணவர் அவசரப்படாமல் வேலைக்கு எடுத்துப் போகிற ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, ஏறி நின்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கைய விடுடி."

"விட்டா புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க."

"போன ரெண்டு தடவையும் நீ விடாமத்தானே புடிச்சிருந்த?"

சணலை விட்டாள். ஏணி சரிந்து இருவரும் கட்டிலில் பொத்தென்று விழுந்து, கட்டில் கால் ஒன்று முறிந்து, வயசையும் மறந்து சிரித்தார்கள். அன்றைக்கு அவள் போன் போடவில்லை.

அதற்கடுத்த காலையில் அதே பார்சல், அதே அளவில், அதே இடத்தில் இருந்தது. "நேத்துத்தானே குடுத்தேன்!" என்று கத்தினாள். "அது நேத்தோடது" என்றார் கணவர், பல் விளக்கிக்கொண்டே. முணுமுணுத்தபடி கொடுத்தாள். இப்படியே முப்பத்துநாலு காலை. எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, விடுவதற்குத்தான் வரவர நேரம் குறைந்தது. முப்பத்தைந்தாம் நாள் பேத்தி பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து மகளே கூப்பிட்டாள். "அம்மா, பாப்பா மூச்சு விடுறாளா விடுறாளான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். தாங்க முடியாம இப்பதான் ஜெபம் பண்ணேன். கண்ணத் திறந்தா, கட்டில்கிட்ட ஒரு பார்சல் கெடக்கு. நர்சு அவங்களது இல்லேங்கறாங்க."

"பிரிச்சியா?"

"இன்னும் இல்ல."

"பிரிக்காத. எழுந்து ஜன்னலைத் திற."