வெல்வெட் சட்டை போட்ட லேப்டாப்

திரைச்சீலை வியாபாரத்தில் நான் கற்ற முதல் பாடம், எந்தப் பொருளையும் வெறும் மேசையில் வைக்கக் கூடாது என்பது. சாதாரணப் பித்தளை வளையமாக இருந்தாலும் வெல்வெட் விரித்து அதன்மேல் வைத்தால் வளையம் நிமிர்ந்து உட்காரும், வாங்க வந்தவர் குரல் இறங்கும். அதனால் கடைக்குப் புது லேப்டாப் வந்த அன்றே என் மனைவி அதற்கு அளவெடுத்துவிட்டாள். எங்கள் கடையில் முன்பாதி என் வாய், பின்பாதி அவள் கை. பின்னால் ஓடும் மூன்று தையல் மெஷின்களுக்கும் அவள்தான் ராணி. மாலைக்குள் கருஞ்சிவப்பு வெல்வெட்டில், உள்ளே பஞ்சு வைத்து, ஓரத்தில் நாடா கட்டி ஒரு சட்டை தயாராகிவிட்டது. திறந்தால் திரையும் எழுத்துக்கட்டைகளும் மட்டும் வெளியே தெரியும். பார்ப்பதற்குப் புது மாப்பிள்ளைதான்.

மூன்றாம் நாளே மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டது.

கடை திறந்ததும் குதிரையாகப் பாயும். அரைமணி நேரம் போனால் ஆமைகூட அதைப் பார்த்துப் பரிதாபப்படும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்து, கிளம்பி, வழியில் நாலு பேரை விசாரித்துவிட்டு வந்து சேரும். சில நாள் மட்டும் காலை முதல் கடை அடைக்கும் வரை பழுதில்லாமல் ஓடும். நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்பதற்கு எந்தக் காலண்டரிலும் விடை இல்லை.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்திருப்பேன். அந்த வாரம்தான் ஓர் ஓட்டலின் தொண்ணூறு அறைகளுக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை வாசல்வரை வந்திருந்தது. துணி, நிறம், விலை எல்லாம் பேசியாகிவிட்டது. எத்தனை நாளில் முடித்துத் தருவது என்பது மட்டும்தான் பாக்கி. ஓட்டல் மேலாளர் ஒரு பெண்மணி; அவர் வெளியூரில் இருந்ததால் பேச்சு வீடியோவில்.

"முப்பது நாள். அதுல ஒண்ணு குறைச்சு ஒத்துக்கிட்டு வந்தீங்கன்னா, நீங்களே உக்காந்து தைங்க" என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவைத்தாள். சும்மா சொன்னதல்ல. போன வருடம் ஒரு பள்ளிக்கூட வேலைக்கு நான் தாராளமாகத் தலையாட்டிவிட்டு வந்ததில், அவளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் தலை வாரக்கூட கையைத் தூக்க முடியவில்லை.

முதல் பேச்சில் மேலாளர் பதினைந்து நாள் என்றார். நான் மறுக்க வாயைத் திறந்தேன். லேப்டாப் நின்றுவிட்டது. திரையின் மூலையில் என் முகம் பாதி திறந்த வாயும் பாதி மூடிய கண்ணுமாக உறைந்து நிற்க, அவர் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. பதினெட்டு என்றார். நான் மேசையைத் தட்டினேன், கத்தினேன். எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. இப்படி முறைத்தால் எப்படி சார் என்று சலித்துக்கொண்டு இருபது என்றார். லேப்டாப் மூச்சு வாங்கி எழுந்தபோது, நான் ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து நாள் சம்பாதித்திருந்தேன். கம்ப்யூட்டர் நின்றுபோனது என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை பேசி முடித்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்குக் கொடுத்த லேப்டாப் வெள்ளிக்கிழமை கெடுக்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? மச்சானைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி; ஓர் அலுவலகத்தில் நாற்பது கம்ப்யூட்டர்களை மேய்ப்பவன். வைரஸ் தேடினான், கிடைக்கவில்லை. தானாகத் திறக்கும் நிரல்களை எல்லாம் நிறுத்தினான். எதையோ புதுப்பித்தான், பிறகு புதுப்பித்ததை எடுத்தான். அடுத்த நாளும் ஆமைதான்.

வாங்கிய இடத்துக்கே கொண்டுபோனோம். கிளம்பும் முன் மனைவி வெல்வெட் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டாள். நல்ல துணியில் கண்டவர் கையும் படக் கூடாதாம். அங்கே கண்ணாடி மேசையில் லேப்டாப் இரண்டு மணி நேரம் சர்க்கஸ் காட்டியது. பழுது பார்ப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, வேகம் போதாதா, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போகும் ஜாதி அது. கடைக்குத் திரும்பி சட்டையை மாட்டினோம், படுத்துவிட்டது.

மச்சான் என்னைக் கேட்டுக் கேட்டு, முதல் நாளிலிருந்து எது நல்ல நாள், எது கெட்ட நாள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தான். புதன்கிழமை காலை லேப்டாப் பறந்தது. நோட்டோடு பின்பக்கம் போனவன், துணிக்கொடியின் முன் நின்றுவிட்டான். நான் முந்தின நாள் காப்பி கொட்டியதால் வெல்வெட் சட்டை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, இதை இதுக்கு முன்னாடி எப்ப துவைச்சே?"

அவள் சொன்ன நாளும் நோட்டில் இருந்த நல்ல நாளும் ஒன்றாக இருந்தன.

விஷயம் இவ்வளவுதான். லேப்டாப் மூச்சு விடும் துளைகள் அதன் வயிற்றில் இருக்கின்றன. பஞ்சு வைத்த வெல்வெட் அவற்றை அடைத்தது. சூடேறினால் கருகிவிடக் கூடாதே என்று அது தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. இதை என் மனைவியிடம் சொல்வது யார் என்று நானும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நான் தைச்சதுல குத்தமா?" என்றாள்.

"தையல்ல குத்தமே இல்லக்கா. அவ்வளவு இறுக்கமா தைச்சதுதான்…"

அவள் கத்திரியை எடுத்தாள். வயிற்றுப் பகுதியை வெட்டிவிட்டு, கொசுவலைத் துணி வைத்து, சுற்றிலும் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு லேப்டாப் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் முன் உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் முகம் ஷட்டர் தூக்கிய கடை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவில் போகிறவருக்கும் தெரியும். நோயாளி லேப்டாப் எனக்காகப் பேரம் பேசியது. குணமான லேப்டாப் என்னைக் காட்டிக் கொடுக்கும்.

"இருபதுன்னு எழுதிக்கவா சார்?"

வேறு வழி தெரியவில்லை. நானே நின்றுபோனேன். வாயைப் பாதி திறந்து, கண்ணைப் பாதி மூடி, மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் இருபத்திரண்டு என்றார். மூக்கு அரித்தது, பொறுத்தேன். இருபத்தைந்து என்றார். அதற்குமேல் பேச்சில்லை. பார்த்தால் அவர் முகமும் உறைந்திருந்தது. ஐயோ, அவருடையதும் நின்றுவிட்டதே என்று நினைத்தபோது, அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

ஆக, இரண்டு பேரும் சிலைகள். முதலில் இமைப்பவர் தோற்றார்.

அப்போது என் மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு பின்னாலிருந்து வந்து, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பேசி முடிச்சாச்சா?"

மேலாளரின் உதடு லேசாக நெளிந்தது. "உங்க கம்ப்யூட்டர் நின்னுபோச்சு போலிருக்கே சார். வீட்டம்மா மட்டும் எப்படி ஓடுறாங்க?"

நான் மூக்கைச் சொறிந்துகொண்டேன். மனைவி என்னை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தைக்கிறது நான்தான் மேடம். முப்பது நாள் வேணும். அவசரப்படுத்தினா தைச்சுக் கொடுத்துடுவேன், ரெண்டு மாசத்துல ஓரம் பிரிஞ்சு தொங்கும். முதல் மாடி மட்டும் இருபது நாள்ல வந்துடும். போதுமா?"

"முதல் மாடி கிடைச்சா ஓட்டலைத் திறந்துடலாம்" என்றார் மேலாளர். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. சரி, முப்பது."

அணைக்கும் முன் என்னைப் பார்த்துக் கேட்டார், முதல் தடவை நின்றதாவது நிஜமா என்று. நிஜம் மேடம், வெல்வெட்டால் வந்த வினை என்றேன். அந்த வெல்வெட் சட்டையைக் கழற்றித் தூக்கியும் காட்டினேன்.

கொசுவலை வழியாக அவர் சிரிப்பது தெரிந்தது. அவர் நம்பவில்லை.